பெண்மானைச் சுடலாமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீனாட்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பென்சில்வேனியாவின் குளிர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

நீ கடைசியில் கேட்டிருந்த கேள்விக்காகத்தான் பதில் எழுதத் தாமதித்தேன். "முப்பது வருடம் காட்டிலாகாவில் வேட்டைக்காரர்களைத் துரத்தியவன் நான். நீ வேட்டைக்காரர் வீட்டில் பெண்ணைக் கொடுத்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்து மான்கறி சாப்பிடுகிறாயே, எப்படி மனம் வருகிறது?" என்று எழுதியிருந்தாய். கோபத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. நீ இருந்த முதுமலையில் புள்ளிமானைப் புலி தின்னும், செந்நாய் தின்னும், சிறுத்தை தின்னும். மனிதன் சுட வேண்டிய தேவை அங்கே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவனைத் தடுத்தது சரிதான். இங்கே ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். இப்போது முக்கியமாக இருப்பவை கரடியும் கயோட்டி என்னும் சிறு ஓநாயும். அவை குட்டிகளைத் தூக்கும், வளர்ந்த மானின் கூட்டத்தைக் கட்டுப்படுத்தாது. அந்த வேலை துப்பாக்கிக்காரர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதில் அவர்களுக்குள்ளேயே நூறு ஆண்டுகளாகச் சண்டை.

இந்தச் சண்டை என் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நடக்கிறது. அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பாட்டர் கவுண்டி என்னும் மாவட்டத்தின் காட்டுக்குள் அவருடைய அப்பா கட்டிய மரவீடு ஒன்று இருக்கிறது. ‘கேம்ப்’ என்பார்கள். முன்பெல்லாம் நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கும். அன்று பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. 2019இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியபோது அவர் துக்க வீட்டில் இருப்பதுபோல் இருந்தார் என்று என் மகள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கேம்புக்குப் போய் அடுப்பு மூட்டி, துப்பாக்கி துடைத்து, பழைய கதை பேசி, மறுநாள் விடியலுக்கு முன் மலையேறுவது என்ற வழக்கமே குலைந்துவிட்டது என்பது அவர் வருத்தம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

இங்கே மான் ஒருமுறை ஏறத்தாழ இல்லாமலே போயிருக்கிறது. மரத்துக்காகவும், தோல் பதனிட ஹெம்லாக் மரப்பட்டைக்காகவும் மலைகளை மொட்டையடித்தார்கள். சந்தையில் விற்க வரைமுறையின்றி மானைச் சுட்டார்கள். 1895இல் கேம் கமிஷன் என்று எல்லோரும் சொல்லும் மாநில வேட்டை விலங்கு ஆணையம் உருவானது. 1906 முதல் மிச்சிகன் போன்ற வெளி மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கி வந்து விட்டார்கள். 1907இல் பெண்மானைச் சுடக்கூடாது, கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்று சட்டம் வந்தது. அந்த மீட்பின் பெருமை பெரும்பாலும் வேட்டைக்காரர்களுக்கே சேரும். 1913 முதல் உரிமக் கட்டணம் கட்டி ஆணையத்தைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். இன்றும் அதன் செலவு பொது வரியிலிருந்து வருவதில்லை.

வெட்டிய காட்டில் இளந்தளிர் மண்டியது. தின்னத் தீனி, சுடத் தடை. மான் பெருகியது. 1930களில் குளிர்காலத்தில் பட்டினியால் செத்து விழும் அளவுக்குப் பெருகியது. 1938இல் ஆண்மான் வேட்டையை முழுக்க நிறுத்திவிட்டுக் கொம்பில்லாத மானை மட்டும் சுடச் சொன்னார்கள். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் சுடப்பட்டன. ஊரே கொதித்தது. நம் ஊர்ச் சம்சாரி விதைநெல்லை எப்படிப் பார்ப்பானோ, அப்படித்தான் சம்பந்தியின் தலைமுறை பெண்மானைப் பார்த்தது. பெண்மானைச் சுட்டவன் முகத்தில் விழிக்கக்கூடாது என்று அவருடைய தாத்தா சொல்வாராம். சம்பந்தி அதைச் சொல்லும்போது அதில் ஒரு பக்தி இருக்கும். அழிவைக் கண்ணால் கண்ட மனிதர்கள் விட்டுப்போன நெறி அது.

ஆனால் காடு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க வனத்துறை 1980 முதல் பத்து ஆண்டுகள் இம்மாநிலத்தின் வடமேற்கில் ஒரு சோதனை நடத்தியது. வேலியிட்ட நிலங்களில் சதுர மைலுக்கு 10, 20, 40, 80 என்ற அடர்த்தியில் மான்களை வைத்துப் பார்த்தார்கள். மான் கூடக்கூட இளங்கன்றுகளின் வகை குறைந்தது. மான் தொடாத பெரணியும் புல்லும் தரையை மூடின. மரத்தின் நடு உயரத்தில் கூடு கட்டும் பாட்டுப் பறவைகள் மிக அடர்த்தியான நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயின. நீ காட்டிலே வாழ்ந்தவன், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மேலே பார்த்தால் பெரிய மரங்கள் கம்பீரமாக நிற்கின்றன. கீழே அவற்றின் இடத்தைப் பிடிக்க ஒரு கன்றுகூட இல்லை.

மாப்பிள்ளை என்னை ஒருமுறை மாநிலக் காட்டுக்கு அழைத்துப் போனார். மரம் வெட்டிய இடத்தைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கம்பி வேலி. உள்ளே ஓக், மேப்பிள் கன்றுகள் என் தோளுயரத்துக்கு நெருக்கியடித்து நிற்கின்றன. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் பெரணி. "மாமா, வேட்டைக்காரன் முதலில் பார்க்க வேண்டியது மானை இல்லை, இந்த வேலியை" என்றார். அவரும் பாட்டனார் காலத்துத் துப்பாக்கியைத்தான் தூக்குகிறார். ஆனால் காட்டுக்குள் போனதும் குனிந்து தரையைப் பார்க்கிறார். எந்தச் செடியின் நுனி கடிபட்டிருக்கிறது, டிரில்லியம் என்னும் காட்டுச்செடி பூத்திருக்கிறதா, ஓக் விதை இந்த ஆண்டு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மானைப் பற்றிய செய்திகள்.

இந்த மாற்றத்தை மாநிலம் முழுவதும் கொண்டுவர முயன்றவர் கேரி ஆல்ட். கரடி ஆராய்ச்சியால் மக்களிடம் நல்ல பெயர் எடுத்த உயிரியலாளர். 1999இல் மான் திட்டத்தின் பொறுப்பை ஏற்று ஊர் ஊராகப் போய் அரங்கம் நிறைய வேட்டைக்காரர்களைக் கூட்டிப் பேசினார். பழைய முறையில் இரண்டு வாரம் ஆண்மான், அது முடிந்து மூன்று நாள் மட்டும் பெண்மான். 2001இல் இரண்டையும் ஒரே பருவமாக்கினார்கள். 2002இல் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளை, மேற்குப் பகுதியில் நான்கு கிளை இருந்தால்தான் ஆண்மானைச் சுடலாம் என்று விதி வந்தது. அதுவரை ஒன்றரை வயதிலேயே பெரும்பாலான ஆண்மான்கள் விழுந்துகொண்டிருந்தன. 2002-03 பருவத்தில் மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல் மான்கள் சுடப்பட்டன. ஆல்டுக்கு வந்த மிரட்டல்களால் கூட்டங்களுக்குக் குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு போக நேர்ந்தது. 2004 முடிவில் விலகிவிட்டார்.

அந்த ஆண்டுகளில் சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? பெண்மான் உரிமத்துக்கான இளஞ்சிவப்பு விண்ணப்ப உறையைத் தவறாமல் கவுண்டிப் பொருளாளருக்கு அனுப்புவார். உரிமம் வந்ததும் கிழித்து அடுப்பில் போடுவார். ஒரு சீட்டு தன் கைக்கு வந்தால் ஒரு பெண்மான் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. அவரைப்போல் பலர் செய்தார்கள்.

கதிரேசா, இதில் நான் மாப்பிள்ளை பக்கம். பெண்மானைச் சுடாமல் மான் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது. ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும், ஆகவே ஆண்மானை எவ்வளவு சுட்டாலும் அடுத்த ஆண்டுக் குட்டிகளின் எண்ணிக்கை அசையாது. காடு இல்லாமல் போனால் பிறகு மானும் இல்லை. இளம் ஆண்மானை விட்டுவிட்டுப் பெண்மானைக் குறிபார்ப்பவன் தன் பேரனின் காட்டை நினைத்துச் சுடுகிறான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனாலும் சம்பந்தியின் குறையை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் இளைஞராக இருந்தபோது முதல் நாளிலேயே முப்பது, நாற்பது மான்களைப் பார்த்த மலையில் இப்போது நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றும் தென்படாமல் திரும்புகிறார். அது பொய்யில்லை. வடக்கு மலைகளின் பொதுக்காடுகளில் யாரும் போய்ச் சுடலாம், அங்கே மான் விரைவாகக் குறைந்தது. பிலடெல்பியாவைச் சுற்றிய புறநகர்களிலோ வீட்டு மனைகளுக்கு நடுவே சுட இடமில்லை, நிலக்காரர்கள் அனுமதிப்பதுமில்லை. அங்கே மான் ரோஜாச் செடியைத் தின்றுகொண்டு, காரில் மோதிக்கொண்டு பெருகுகிறது. எங்கே குறைய வேண்டுமோ அங்கே குறையவில்லை. 2003இல் கவுண்டி எல்லைகளை விட்டுவிட்டுப் பெரிய மேலாண்மை வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒரு வட்டாரத்துக்குள்ளேயே இந்த இரண்டு நிலமும் அருகருகே இருக்கும். பெண்மான் உரிமத்தின் எண்ணிக்கை மட்டும் வட்டாரம் முழுமைக்கும் ஒன்று. தன் மலையில் எத்தனை மான் என்று கேட்ட மனிதருக்கு நேர்விடை கிடைக்கவில்லை. உரிமக் கட்டணத்தைக் கூட்டும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருந்ததால், கோபக்காரர்களின் பேச்சைக் கேட்டு 1999க்குப் பிறகு நெடுங்காலம் கூட்டவே விடவில்லை. பணமில்லாத ஆணையம் இன்னும் குறைவாகவே பேசியது.

வேட்டைக்காரர்களோடு பேசிச் செய்த இடத்தில் மானைக் குறைப்பது நடந்திருக்கிறது. மக்கீன் கவுண்டியில் கின்சுவா பகுதியில் எழுபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டில், 2000இல் நிலக்காரர்களும் வனத்துறையும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் புழுக்கைக் குவியல்களை எண்ணி மானைக் கணக்கிட்டார்கள், செடிகள் கடிபட்ட அளவைப் பதிந்தார்கள், அந்தக் கணக்கை வேட்டைக்காரர்களிடமே காட்டினார்கள். சுட்ட மானை எடைபோட வேட்டைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. இருந்தவற்றின் எடையும் கொம்பும் கூடின. குறைவான மானைப் பார்த்தும் அவர்கள் அங்கே வருவதை விடவில்லை. மேலிருந்து உத்தரவாக வந்தபோது உரிமத்தைக் கிழித்த அதே வகை மனிதர்கள்தான் அவர்கள்.

இப்போது இரண்டு கவலைகள் எல்லோரையும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. ஒன்று, வேட்டைக்காரர்களே குறைகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் பதின்மூன்று லட்சத்தை எட்டிய உரிமங்கள் அண்மை ஆண்டுகளில் ஒன்பது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. இன்னொன்று, 2012இல் இம்மாநிலத்தில் கண்டறியப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய். பிரியான் என்னும் கோணலான புரதத்தால் வருவது. மருந்து கிடையாது, தொற்றிய மான் எலும்பும் தோலுமாகிச் சாகும், அந்தப் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மனிதருக்கு வந்ததாக இதுவரை இல்லை. ஆனாலும் நோய் வட்டாரங்களில் சுட்ட மானின் தலையை ஆணையத்தின் பெட்டியில் போட்டு, பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் கறியை எடுக்கிறோம். இதையும் காரணம் காட்டி ஆணையம் மானைக் குறைக்கப் பார்க்கிறது என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. சம்பந்தி அந்தக் கூட்டத்தில் இல்லை. சென்ற பருவத்தில் பெண்மான் உரிமத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தார், ஒரு பெண்மானைச் சுடவும் செய்தார். மகன் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. அந்தக் கறியில் பாதியை ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் அமைப்புக்குத் தந்துவிட்டார்.

மனம் எப்படி வருகிறது என்று கேட்டாய். ஓர் உயிரை எடுப்பதற்கு முன் இவ்வளவு வாதாடும் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தயக்கமில்லை. உனக்கு உடன்பாடு இல்லையென்றால் விளக்கமாக எழுது, சம்பந்திக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன். நீ சொல்வதைக் கேட்க அவருக்கு உண்மையிலேயே ஆசை.

அவரும் எங்களோடு பிப்ரவரியில் வருகிறார். செந்நாய்க் கூட்டம் மானை எப்படி மடக்கும் என்று என்னைத் துளைத்தெடுக்கிறார், எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மசினகுடிப் பக்கம் மூன்று நாள் தங்க இடம் பார்த்து வை. உன் பழைய காவலர்களில் யாராவது கூட வர முடியுமா என்றும் கேள். மீனாட்சிக்கு என் அன்பு. இங்கிருந்து என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
சண்முகம்