குந்துகாலில் இறங்கிய இன்னொரு ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடப்புத்தகத்தில் முகலாயர் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் பத்திரிகையில் கொஞ்ச நாளாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. மத்திய அரசுக்காகப் பாடப்புத்தகம் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. 2025இல் கொண்டுவந்த ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் டெல்லி சுல்தான்களும் இல்லை, முகலாயரும் இல்லை. எட்டாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டு, அங்கே பாபரை ஈவிரக்கமற்றவர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். அதைக் கண்டித்து எழுதியவர்கள் எழுதியது சரிதான். ஆனால் நம் வீட்டுக் கணக்கை யார் பார்ப்பது?

நான் பாம்பனில் டியூஷன் எடுக்கிறவன். வருவது பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பிற்காலச் சோழர் வருவதும் அதே ஏழாம் வகுப்பில்தான். போன மாதம் அந்தப் பாடம் நடத்தும்போது ஒரு பையன், அவன் அப்பா போன விசைப்படகை இலங்கை நேவி பிடித்து வைத்திருக்கிறது, எழுந்து கேட்டான்: "இப்ப ராஜேந்திர சோழன் இருந்தா நம்ம போட்டைத் தொடுவாங்களா சார்?" வகுப்பே கைதட்டியது. எனக்கும் ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்புறம் யோசித்தேன். 1017இல் இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து வந்ததும் அங்கே உள்ள முடியையும் மாலையையும் கொண்டு வந்ததும் நமக்கு வெற்றி, கல்வெட்டில் அவன் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி அப்படித்தான் பாடுகிறது. அதே சங்கதியை அங்கே உள்ள சூளவம்சம் என்ற பழைய வரலாற்று நூல், விகாரைகளை உடைத்து இரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போல நாட்டை உறிஞ்சினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. தலைமன்னாரில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு நம் ராஜேந்திரன் யாராக இருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அவர்கள் இங்கே வந்த கதை? எங்கள் தீவில் குந்துகால் என்றால் 1897 ஜனவரி 26இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம், மண்டபம் கட்டியிருக்கிறது, டூரிஸ்டு வேன் நிற்கும். அதற்கு எழுநூறு வருஷம் முன்னால் இன்னொரு ஆள் அங்கே கோட்டை கட்டினான். மதுரைக்கு இரண்டு பாண்டியர்கள் அடித்துக்கொண்ட நேரம், ஒருவர் இலங்கை மன்னன் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்க, படை வந்து சேர்வதற்குள் கேட்டவரே கொல்லப்பட்டுவிட்டார். வந்த தளபதி இலங்காபுரன் திரும்பிப் போகவில்லை. இராமேசுவரத்தைப் பிடித்தான், குந்துகாலில் கோட்டை கட்டி அதற்குத் தன் ராஜா பெயரையே வைத்தான். பிடிபட்ட தமிழர்களை அனுராதபுரத்துக்கு அனுப்பி, முன்பு தமிழர்கள் இடித்த பௌத்தத் தூபியைச் சரிசெய்ய வைத்ததாகச் சூளவம்சம் பெருமையாகச் சொல்கிறது. காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டோ, அந்தப் படை இராமேசுவரம் கோயில் கதவைப் பெயர்த்துப் பூசையை நிறுத்தியது என்று குமுறுகிறது. முடிவிலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. இலங்காபுரன் ஜெயித்தான் என்கிறது சூளவம்சம். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தால் அவன் தலை மதுரைக் கோட்டை வாசலில் ஆணி அடித்து வைக்கப்பட்டது.

நான் கேட்பது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. இந்த இரண்டு சாட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பக்கத்தில் அச்சடியுங்கள், சோழனைக் குறைக்கவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம். டெல்லிக்காரர்கள் தங்களுக்குப் பிடிக்காத ராஜாவைத் தூக்கினால் நமக்குக் கோபம் வருகிறது. நாமோ பிடித்த ராஜா யாரை அடித்தான், அடிபட்டவன் என்ன சொன்னான் என்ற பக்கத்தைப் பிள்ளையிடம் காட்டுவதே இல்லை. எதிர்க்கரை இத்தனை பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு இது வெறும் மார்க் விஷயமும் இல்லை, அந்தப் பையன் இன்னும் சில வருஷத்தில் அதே கடலுக்குத்தான் போவான்.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப வாசல்ல இருந்தது யார் தலை சார்?" என்று கேட்டான். பரீட்சை நெருங்கிவிட்டது, அவன் அம்மாவும் ஐந்து மதிப்பெண் வினாவை முடித்துவிடச் சொல்லியிருந்தார், அதற்குப் போய்விட்டோம்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
பாம்பன்.