வெளிப்பிராகாரக் கொட்டகைத் திருப்பணி நிறைவு அறிக்கை: இரும்புக் குழாய்க் கணக்கு

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் திருக்கோயிலின் தெற்கு வெளிப்பிராகாரத்தில் இரும்புக் குழாய்க் கொட்டகை அமைக்கும் பணி இறையருளால் நிறைவடைந்துவிட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளதால் அதை இங்கே திரும்ப எழுதவில்லை. ஆனால் சென்ற பொதுக்கூட்டத்தில், "ஏழு டன் இரும்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார். உபயப் பணத்தில் பெரும்பகுதி இரும்புக்கே சென்றிருப்பதால் அக்கேள்விக்கு முழுமையாக விடை சொல்வது குழுவின் கடமை.

இரும்புக் குழாய் கிலோ விலையில் விற்கப்படும் பொருள். ஒரு குழாயை நெடுக அறுத்துத் தகடாக விரித்தால், அதன் அகலம் வெளிவிட்டத்திலிருந்து கனத்தை, அதாவது குழாய்ச் சுவரின் தடிமனை, கழித்து வரும் எண்ணின் பை (3.1416) மடங்கு. அந்த அகலத்தைக் கனத்தாலும், ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ என்னும் எஃகின் அடர்த்தியாலும் பெருக்கினால் மீட்டர் எடை கிடைத்துவிடும். விட்டத்தையும் கனத்தையும் மில்லிமீட்டரில் எழுதினால் இவையெல்லாம் 0.02466 என்ற ஒரே பெருக்கெண்ணில் அடங்கும். கடையில் இரண்டு அங்குலக் குழாய் என்று கேட்பதன் வெளிவிட்டம் உண்மையில் 60.3 மி.மீ.; ஐ.எஸ். 1239 என்னும் இந்தியத் தரக்குறிப்பின்படி நீலப் பட்டை போட்ட 'பி கிளாஸ்' (நடுத்தரக் கனமுள்ள) குழாயின் கனம் 3.6 மி.மீ. ஆகவே (60.3 – 3.6) × 3.6 × 0.02466 என்று பெருக்கினால் மீட்டருக்கு 5.03 கிலோ. ஆறு மீட்டர் குழாய் ஒன்று 30 கிலோவுக்குச் சற்று மேல். இந்த ஒரு வரிக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எவரும் பில்லைச் சரிபார்க்கலாம்.

கொட்டகைக்கு வாங்கியவை மூன்று அளவுகள். தூண்களுக்கு நான்கு அங்குலக் குழாய் 108 மீட்டர், மீட்டருக்கு 12.18 கிலோ வீதம் 1,315 கிலோ. கூரைச் சட்டங்களுக்கு இரண்டு அங்குலக் குழாய் 720 மீட்டர், 3,622 கிலோ. தகடு தாங்கும் குறுக்குக் குழாய்களுக்கு ஒன்றரை அங்குலம் 600 மீட்டர், மீட்டருக்கு 3.56 கிலோ வீதம் 2,136 கிலோ. ஆக மொத்தம் கணக்குப்படி 7,073 கிலோ.

இரண்டு அங்குலக் குழாயில்தான் சிக்கல் நேர்ந்தது. முதலில் வந்த 120 குழாய்களுக்கு மேற்சொன்ன கணக்கு எடையான 3,622 கிலோவுக்கே பில் போட்டிருந்தார்கள். லாரியைச் சரக்கோடும் வெறுமையாகவும் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது சரக்கு 3,150 கிலோதான் நின்றது. திருச்சி பாய்லர் ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர், குழாய் வாயில் இருந்த பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, பற்றவைப்புக் கோட்டைத் தவிர்த்து நான்கு இடங்களில் வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவியை வைத்துப் பார்த்தார். கனம் 3.1 மி.மீ. மட்டுமே, நீலப் பட்டையோ பளிச்சென்று இருந்தது. தரக்குறிப்பு அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வுக்குள் இக்குறைவு வராது. இல்லாத 472 கிலோவுக்குப் பணம் கொடுப்பது ஒரு நஷ்டம். துருப்பிடித்துத் தேய்வதற்கென்று இருக்கும் கனம் முதலிலேயே குறைந்துபோவது அதைவிடப் பெரிய நஷ்டம் என்று குழு கருதியது. சரக்கைத் திருப்பி அனுப்பினோம். வேலை மூன்று வாரம் தள்ளிப்போனதற்கு இதுவே காரணம். அதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு உறுப்பினர்கள் பொறுத்தருள வேண்டும். மாற்றாக வந்த சரக்கு எடைமேடையில் 3,590 கிலோ இருந்தது. அந்த எடைக்கே பணம் கொடுக்கப்பட்டது.

எடைக் கணக்கு பில்லுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அந்த உறுப்பினரே எங்களுக்கு விளக்கினார். அனல் மின் நிலையத்தின் பெரிய கொதிகலன் தரையில் உட்கார்ந்திருப்பதில்லை. சூடேறும்போது கீழ்நோக்கி நீள இடம் வேண்டுமென்பதால் மேலேயுள்ள உத்தரங்களிலிருந்து தொங்குகிறது. நீர் நிறைந்த குழாய்களின் எடையைக் கிலோ பிசகாமல் கூட்டிய பிறகே அந்த உத்தரங்களை வடிவமைக்கிறார்கள். அங்கே அதிக அழுத்தமும் வெப்பமும் தாங்க வேண்டியிருப்பதால் இணைப்பே இல்லாத குழாய்கள் பயன்படுகின்றன. தண்ணீர், சாரம், கொட்டகை ஆகியவற்றுக்குத் தகட்டைச் சுருட்டி நெடுகப் பற்றவைத்த குழாயே போதும். சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெய்க் குழாயைத் தாங்கும் தாங்கிகளின் இடைவெளி, குழாயோடு உள்ளே ஓடும் பொருளின் எடையையும் சேர்த்தே முடிவாகிறது.

நம் கொட்டகையில் இந்த எடைக் கணக்கு வேறு விதமாகப் பயன்பட்டது. கூரையில் ஏறிய குழாய்களையும் சேர்த்து 24 தூண்களுக்குப் பிரித்தால், ஒரு தூண் தன் எடையோடு தாங்கும் இரும்பு ஏறக்குறைய 280 கிலோதான். தகட்டைச் சேர்த்தாலும் பாரம் அதிகமில்லை. இவ்வளவு இலேசான கூரையை ஆடிக்காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும் என்பதே கவலை. ஆகவே தூண்களைப் பழைய கல்தளத்தின்மேல் நிறுத்தாமல், தளக்கற்களைப் பெயர்த்துப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு தூணுக்கும் தனிக் குழி எடுத்து, காற்றின் இழுப்பைத் தன் எடையால் அடக்கும் அளவுக்குக் கான்கிரீட் இட்டோம். பெயர்த்த கற்கள் தூண்களைச் சுற்றி அவற்றின் பழைய இடத்திலேயே பதிக்கப்பட்டன. திருமதிலில் ஓர் ஆணிகூட அடிக்கப்படவில்லை என்பதை மனநிறைவோடு தெரிவிக்கிறோம்.

வர்ணத்துக்கும் இதே அளவுகளே கைகொடுத்தன. வெளிவிட்டத்தையும் நீளத்தையும் கொண்டு கணக்கிட்டதில் பூச வேண்டிய பரப்பு 260 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரெட் ஆக்சைடு ஒரு பூச்சும் எனாமல் இரு பூச்சும் முடிந்துள்ளன. தூண்களின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கும் ஓரடி உயரத்துக்குக் கூடுதலாக ஒரு பூச்சு கொடுத்திருக்கிறோம். பிராகாரம் கழுவும் பணியாளர்கள் அங்கே துரு தென்பட்டால் உடனே அலுவலகத்தில் சொல்ல வேண்டும்.

வெட்டிய துண்டுகள் 142 கிலோ பழைய இரும்பாக விற்கப்பட்டு, தொகை திருப்பணிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. மீதமுள்ள இரண்டு அங்குலக் குழாய்கள் ஐந்து. கணக்குப்படி 151 கிலோ. அவை தேர்க்கொட்டகையில் கட்டையின்மேல் அடுக்கப்பட்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளன. எடைமேடைச் சீட்டுகளும் கனம் அளந்த குறிப்பேடும் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

திருப்பணிக் குழுவினர்