டெல்லி புகை போதுங்க, கணவாய் காத்தையும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நவம்பர் வந்தா முதல் பக்கத்துல டெல்லி புகை, தீபாவளி மறுநாள் சென்னை கோவை ஏக்யூஐ (காத்து எவ்வளவு கெட்டிருக்குன்னு சொல்ற குறியீடு) நம்பர், போகிக்கு ஒரு போட்டோ, அதோட சரி, அப்புறம் அடுத்த தீபாவளி வரைக்கும் உங்க பேப்பர் மூச்சு விடறதில்ல. பிஎம் 2.5ங்கற நுண்தூசி (2.5 மைக்ரானும் அதுக்கு கீழயும் இருக்கறது) பட்டாசு அன்னிக்கு மட்டும் வர்றதில்லைங்க, சீசனுக்கு சீசன் அளவும் மாறும், வர்ற திசையும் மாறும்.

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டு கணவாய்க்குள்ள. மலை 30, 40 கிலோமீட்டருக்கு விட்டுப்போன எடம், அதனால மார்கழி தையில கெழக்குக் காத்து கோயம்புத்தூர் பக்கமிருந்து இங்க அடிக்கும், லாரி புகை, குப்பை எரிக்கற புகை, ஃபவுண்டரி புகை எது இருந்தாலும் அதோடயே வரும். ஆடியில நேர் எதிரா மேக்குக் காத்து, எங்க பாலக்காட்டு பக்கத்து கஞ்சிக்கோட்டு கம்பெனி புகை கோயம்புத்தூர் பக்கம் போகும், ஆனா அப்ப மழை பாதிய கழுவிடுது. அதனால பனிக்காலந்தான் பாக்கவேண்டியது, அதுலயும் காத்து விழுந்த நாள் விடியக்காலை, ராத்திரி தரை குளிர்ந்துபோய் கீழ இருக்கற காத்து மேல எழும்பாம புகை அங்கயே நிக்கும். டெல்லியிலயும் இதே கதைதான், அங்க காத்து நாள்கணக்கா அசையாது, பஞ்சாப் ஹரியானா பக்கம் வைக்கோல் தாள் எரிக்கறதும் சேந்துக்கும்.

கொடியில காயப்போட்ட வேட்டியில கருப்பு பொடி ஒட்டியிருந்தா எங்க வீட்ல "பாருங்க பொல்யூஷன்"னு காட்டுவாங்க. அது பெரிய தூசி, பெரும்பாலும் மூக்கு தொண்டையிலயே தங்கிடும். 2.5 மைக்ரான்னா தலைமுடி தடிமன்ல 20ல ஒரு பங்குகூட இல்ல, கண்ணுக்கே தெரியாம நுரையீரலோட அடி வரைக்கும் போகும்.

இன்னொண்ணு, ஏக்யூஐ 100 வரைக்கும் 'திருப்தி'ன்னு பச்சை கலர் போடறீங்க. பிஎம் 2.5 கணக்குல அந்த 100ன்னா ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. வருஷ சராசரியும் நம்ம சட்டத்துல 40, அவங்க சொல்றது 5. இதுல என்ன திருப்தியோ!

கோவை அளவு தமிழ்நாட்டு மாசு கட்டுப்பாட்டு போர்டு கிட்ட, பாலக்காட்டு அளவு கேரளா போர்டு கிட்ட, ரெண்டையும் ஒண்ணா வச்சு எந்த பேப்பரும் போட்டு நான் பாத்ததில்ல. நீங்க மாசாமாசம் ரெண்டு ஊர் பிஎம் 2.5 சராசரிய பக்கத்துல பக்கத்துல போடுங்க, காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சதுன்னு ஒரு வரி சேத்து. ராசிபலனுக்கு கீழ எடம் இருந்தாகூட போதுங்க.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாசகர்