எல்லாருக்கும் கொடுக்கிற மெடல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாரத்தான் ஓடிவிட்டு குரூப்பில் நீ போட்ட போட்டோவைப் பார்த்தேன். கழுத்தில் மெடல், மேலே ஜாக்கெட். நான் வாழ்த்து சொன்னதற்கு, "எல்லாருக்கும்தான் குடுக்கிறாங்கப்பா, இதுல என்ன இருக்கு" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தாய். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. வேலை இருந்திருக்கும். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன். அந்த ஒரு வரி மனதை விட்டுப் போகவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஓடி முடித்த எல்லாருக்கும் மெடல் கொடுக்கத்தான் வேண்டும். நிறையப் பேருக்குக் கிடைப்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. மெடலில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பேச்சே வருகிறது. ஒன்று, இடத்துக்கான மெடல். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தானை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸுக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கமும் ஆலிவ் கிளையும். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904இல்தான் வந்தது. இந்த வகை மெடல் ஓர் ஆளை இன்னோர் ஆளோடு ஒப்பிடுகிறது, அதனால் மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. இன்னொன்று, முடித்தவருக்கான மெடல். இது ஆளை மாரத்தானின் 42.195 கிலோமீட்டரோடும் கடிகாரத்தோடும் ஒப்பிடுகிறது. பக்கத்தில் ஓடியவர் எத்தனை பேர் என்பது அந்தக் கணக்கிலேயே வராது. பத்தாயிரம் பேர் முடித்தாலும் தூரம் ஒரு மீட்டர் குறையப்போவதில்லை.

1968 மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தானில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து முட்டியில் அடிபட்டு, கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து முடித்தார். புறப்பட்டவர்கள் 75 பேர், முடித்தவர்கள் 57 பேர், அவர் 57ஆவது. வென்ற மாமோ வோல்டே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடத்துக்கான மெடலில் அவருக்குப் பங்கில்லை, அது நியாயம்தான். முடித்தவருக்கென்று அன்றைக்கு ஒரு மெடல் இருந்திருந்தால் அது அவருக்கு இல்லை என்று யார் சொல்லியிருக்க முடியும்?

"எல்லாருக்கும்" என்கிறாயே, உண்மையில் அது எல்லாருக்கும் இல்லை. பெயர் கொடுத்துவிட்டு அன்று காலை வராதவருக்கு இல்லை. நடுவில் நின்றவருக்கு இல்லை. நேரம் தாண்டி வந்தவருக்கு இல்லை. முழுத் தூரம், சொந்தக் கால், குறித்த நேரம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான். தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் தொடங்கியது, சுமார் 90 கிலோமீட்டர். 12 மணி நேரம் முடியும்போது, ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கியைச் சுடுவார். வருகிறவரின் முகத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்றுதான் அந்த ஏற்பாடு. கோட்டுக்கு இரண்டடி முன்னால் இருந்தாலும் மெடல் கிடையாது. அதே ஓட்டத்தில்தான் ஆண்களிலும் பெண்களிலும் முதல் 10 பேருக்குத் தங்கம், அதற்குப் பிறகு நேரத்துக்குத் தக்க வேறு வேறு மெடல்கள், 11 மணி நேரத்துக்கும் 12 மணி நேரத்துக்கும் நடுவில் வந்தவருக்குச் செம்பு. அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் மெடலுக்குப் பதில் இடுப்புப் பட்டையின் பக்கிள். 24 மணி நேரத்துக்குள் வந்தால் வெள்ளி, 30க்குள் வந்தால் வெண்கலம். அவ்வளவு நீண்ட தூரத்துக்கு இப்படிப் பிரிப்பது பொருத்தமாக இருக்கிறது. மாரத்தானுக்கு ஒரே மெடல் போதும் என்பது என் எண்ணம், நேரம்தான் ரிசல்ட் தாளில் இருக்கிறதே. சின்னப் பிள்ளைகள் ஓட்டம் வேறு கதை, அங்கே எல்லாருக்கும் கொடுத்துவிடலாம், அடுத்த முறையும் ஆசையாக வர வேண்டும்.

மெடலைக் கெடுப்பது எண்ணிக்கை இல்லை, கொடுக்கிற விதம். சில ஓட்டங்களில் முதல் நாளே பிப்போடு (சட்டையில் குத்திக்கொள்ளும் நம்பர் தாள்), டீ-ஷர்ட்டோடு பைக்குள் மெடலையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் போல ஒரு தப்பு கிடையாது. முடிவுக் கோட்டைத் தாண்டி ஐம்பது மீட்டர் தள்ளி மெடல் மேசை இருக்க வேண்டும். கோட்டிலேயே வைத்தால் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள், பின்னால் நெரிசல், சிலருக்கு மயக்கம். ஃபுல் மாரத்தானுக்கும் ஹாஃப் மாரத்தானுக்கும் ரிப்பன் நிறம் வேறாக இருக்க வேண்டும், பெட்டிகளும் தனித்தனி மேசையில் இருக்க வேண்டும். மெடலைக் கொடுத்ததும் பிப்பின் மூலையில் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது வாங்க ஆள் வரும். மெடலில் வருஷம் அச்சாகியிருப்பதால் மீந்தால் அடுத்த ஆண்டுக்கு உதவாது. அந்தப் பயத்தில் எண்ணிக்கையைக் குறைத்து ஆர்டர் கொடுப்பார்கள். தீர்ந்துபோகிற நேரத்தில் வெறுங்கையோடு நிற்கிறவர்கள் யார் தெரியுமா? ஆறு மணி நேரம் வெயிலில் கிடந்து கடைசியாக வந்தவர்கள்தான். கடைசி அரை மணி நேரத்துக்கென்று ஒரு பெட்டியைத் திறக்காமல் ஒதுக்கி வைத்தாலே இது நடக்காது.

இன்னொன்றும் நடக்கும். நேரம் தாண்டியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் ஸ்வீப் பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அது முடிவுக் கோட்டுக்குப் பின்னால் நிற்கும். அதில் வந்தவர் கொடுத்து வைத்த பையை வாங்க வேண்டுமானால் மெடல் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேசையில் நிற்கும் வாலண்டியர் காலேஜ் பிள்ளை, விடியற்காலையிலிருந்து நிற்கிறது. பிப் கட்டிக்கொண்டு வியர்வையோடு யார் வந்தாலும் சிரித்துக்கொண்டே கழுத்தில் மாட்டிவிடும். முப்பது கிலோமீட்டர் ஓடி, கால் வலியோடு, அழுகையை அடக்கிக்கொண்டு வருகிற ஒருத்தி அந்த நேரத்தில் நின்று, "நான் முடிக்கவில்லை" என்று விளக்கம் சொல்வாளா? சொல்ல வாய் வராது. யார் மேலும் தப்பில்லை. பஸ்ஸுக்குத் தனி வழி வைக்காததுதான் தப்பு.

ரிசல்ட் பக்கத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பேனா? முதல் 20 கிலோமீட்டரில் ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் 39 நிமிடம், 20ஆவது கிலோமீட்டரில் 2:36. அவ்வளவு சீராக ஓட அனுபவப்பட்டவர்களுக்கே வராது. அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். 25இல் 3:20. 30இல் 4:09. கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு 49 நிமிடம் எடுத்திருக்கிறாய். பயிற்சியில் 24ஐத் தாண்டவேயில்லை என்று அண்ணன் சொன்னான். பாப்பா, 30 அல்லது 32 கிலோமீட்டர் நீள ஓட்டம் மூன்று தடவையாவது ஓடி, கடைசி ஓட்டத்துக்கும் போட்டிக்கும் நடுவில் மூன்று வாரம் விட்டிருக்க வேண்டும். தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்கிற இடம்தான் அந்த 30ஆவது கிலோமீட்டர். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்று போயிருந்தாலும் தாங்கியிருக்கும். சொன்னால் கேட்கிற வழக்கம் உன்னிடம் கிடையாது.

30க்கு அப்புறம் 35இல் நேரம் இல்லை. 40இல் இல்லை. முடிவிலும் இல்லை.

ஒரு இடத்தில் நேரம் விட்டுப்போவது சாதாரணம். பிப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், நேரம் குறிக்கிற சிப்பில் பேட்டரி கிடையாது, தரையில் விரித்த மேட் அனுப்பும் ரேடியோ அலையில்தான் அது பதில் சொல்லும். உடம்பிலுள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிவிடும் என்பதால்தான் சிப்பில் மெல்லிய ஃபோம் பட்டை வைக்கிறார்கள். பிப்பை மடித்துக் குத்தினாலோ, மேலே பெல்ட்டைக் கட்டினாலோ, நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டாலோ மேட் படிக்காது. நடுவழியில் ஒவ்வொரு இடத்திலும் பெரும்பாலும் ஒரு மேட்தான் இருக்கும், முடிவுக் கோட்டில் ஒன்று தவறினால் பிடிக்க இன்னொன்றும் வைத்திருப்பார்கள். மூன்று இடத்திலும் சேர்ந்து விட்டுப்போக வேண்டுமானால் சிப்பே பிய்ந்து விழுந்திருக்க வேண்டும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு அப்படியும் நடக்கும். அப்படியென்றால் உன் பிப் நம்பர், வாட்சில் பதிவான ஜிபிஎஸ் ஃபைல், சட்டை நிறம், கோட்டைத் தாண்டிய நேரம் இவற்றை ஓட்டத்தை நடத்தியவர்களுக்கு மெயிலில் அனுப்பு. முடிவுக் கோட்டு வீடியோவோடு ஒத்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். ரிசல்ட்டை இறுதி செய்துவிட்டால் பிறகு சிரமம், சீக்கிரம் அனுப்பு.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 6 மணி நேரம் கட்-ஆஃப், அதாவது அதற்குள் முடித்தாக வேண்டும் என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி. 30ஆவது கிலோமீட்டரில் 4:16 இருக்க வேண்டும். உன் சிப் நேரம் 4:09, ஏழு நிமிடம் கையில் இருக்கிறது. ஆனால் ஸ்வீப் பஸ் சிப்பைப் பார்த்து ஓடுவதில்லை, ஓட்டத்தைத் தொடங்கத் துப்பாக்கி வெடித்த நேரத்தைப் பார்த்து ஓடுகிறது. கடைசி வரிசையில் நின்ற நீ தொடக்கக் கோட்டைத் தாண்டவே 14 நிமிடம் ஆகியிருக்கிறது. அந்தக் கணக்கில் உன் நேரம் 4:23, ஏழு நிமிடம் தாமதம். உன் வாட்ச் நேரம் இருக்கிறது என்று சொல்லும்போதே பின்னால் பஸ் வந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் அதில் பாதி உன் காலின் குறை இல்லை, நின்ற வரிசையின் குறை. அடுத்த முறை பெயர் கொடுக்கும்போதே கேள், கட்-ஆஃப் துப்பாக்கி நேரமா சிப் நேரமா என்று. 7 மணி நேரம் தருகிற ஓட்டமாகப் பார். தொடக்கத்தில் முன்னால் தள்ளி நில்.

1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் டொராண்டோ பியட்ரி முதலாவதாக மைதானத்துக்குள் வந்து, திரும்பத் திரும்ப விழுந்து, அதிகாரிகள் தாங்கிப் பிடித்ததால் தகுதி இழந்தார். மெடல் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது. மறுநாள் அலெக்சாண்ட்ரா ராணி பியட்ரிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். சொந்தக் காலில் முடிக்காதவரை மதிக்க இப்படி வேறு வழி இருக்கிறது, அந்த மெடல் மட்டும் கூடாது. அதற்கு நான்கு வருடம் முன்பு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஃபிரெட் லோர்ஸ் பாதி வழியில் காரில் ஏறி, கார் பழுதானதும் இறங்கி ஓடி முதலாவதாக வந்து நின்றதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அவரே அடுத்த ஆண்டு, 1905இல், பாஸ்டன் மாரத்தானை நேராக ஓடி வென்றார். அதை யாரும் சொல்வதில்லை. உன்னை அவரோடு சேர்க்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவர் வேண்டுமென்றே செய்தார்.

உன் கழுத்தில் இருக்கும் மெடல் உனக்கே பாரமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடு. டிஎன்எஃப், அதாவது முடிக்கவில்லை, என்று மூன்று எழுத்து போடுவார்கள், அவ்வளவுதான். அந்த எழுத்துக்கு மேலே 30 கிலோமீட்டர் நீ ஓடிய நேரம் அப்படியே இருக்கும், அதை யாரும் அழிக்க முடியாது.

எனக்கு மெடல் முக்கியமில்லை, பாப்பா. நேரத்தால் நின்றாயா, உடம்பால் நின்றாயா, அதுதான் தெரிய வேண்டும். தாத்தா விஷயம் உனக்குத் தெரியும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ, படபடப்போ, கண் இருட்டலோ வந்திருந்தால் ஈசிஜியும் எக்கோவும் எடுக்காமல் இனி ஓர் அடி ஓடக் கூடாது, தாத்தா விஷயத்தையும் டாக்டரிடம் சொல். அந்த இடது காலில் எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீர் என்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கிறதா? இரண்டும் இருந்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். திரும்பும்போது விமானத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறாய், அதற்கு நாளை என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிக்கு ஐபுபுரோஃபென் நீயாக வாங்கிப் போடாதே, நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அது கிட்னிக்கு ஆகாது. முன்பும் சொல்லியிருக்கிறேன், போடாதே.

போன் பேச வேண்டாமென்றால் வேண்டாம். நேரமா உடம்பா, ஒரு வார்த்தை மெசேஜ் போடு.

அப்பா

பி.கு.: மெடலைத் திருப்பி அனுப்பினால் கூடவே பிப் நம்பரை எழுதி வை, காரணம் எழுதத் தேவையில்லை. அண்ணனிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை.