துணி காயப்போடும் நேரத்தில் டீசல் புகை: பக்கத்துக் கட்டட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் கட்டடத்தின் பின்னால் நிற்கும் டீசல் ஜெனரேட்டரைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். முந்தைய கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன.

போன ஞாயிறு காலை 8 மணிக்கு அதை ஓட்டிப் பார்த்தீர்கள். மறுநாள் அப்பாவின் திதி. அண்ணன் உடுத்த வேண்டிய வேட்டியை அம்மா அப்போதுதான் துவைத்து, மூங்கில் கழியில் கோத்து வெளியே நீட்டியிருந்தார். அரைமணி நேரத்தில் வேட்டியெங்கும் கரும்புள்ளி. எண்ணெய்க் கரி தட்டினால் உதிராது, தேய்த்தால் இழுவிக்கொள்ளும். 74 வயதில் அம்மா அன்றிரவு முக்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கையால் கசக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. வேட்டியில் படிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சோடு அம்மாவுக்குள் போனதை எதைப் போட்டுத் துவைப்பது?

ஜெனரேட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 செப்டம்பர் 18 பின்னிரவில் சிங்கப்பூரின் பல பகுதிகள் இருண்டதை மறக்கவில்லை. மின்சாரம் போனாலும் தீயணைப்புப் பம்பு ஓடியாக வேண்டும். அதற்காக அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். வார நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இன்னொன்று. மின்சுமை ஏற்றாமல் வெறுமனே ஓட்டினால் டீசல் எஞ்சின் போதிய அளவு சூடேறாது. சரியாக எரியாத எண்ணெய் புகையோடு வெளியேறும். தக்க சுமையோடு ஓட்டிச் சோதித்தால் இந்தக் கரி குறையும், உங்கள் எஞ்சினுக்கும் நல்லது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இலேயே அறிவித்துவிட்டது.

"சின்ன மெஷின்தானே, எப்போதாவதுதானே" என்றார் உங்கள் அலுவலர். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பெரிய மின்நிலையங்கள் துவாஸ், ஜூரோங் தீவு, செனோக்கோ என்று ஓரங்களில் இருக்கின்றன. அவற்றையே தள்ளி வைத்த ஊரில், எண்ணெய் எரிக்கும் புகைபோக்கி எங்கள் ஏழாம் மாடிச் சன்னலுக்கு நேரே நிற்கலாமா? சின்னது என்பதால் யாரும் கேட்கக்கூடாதா?

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதல்ல. வார நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதியுங்கள். அடுத்த சோதனை எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எங்கள் புளோக்கின் மின்தூக்கி அருகே ஒரு தாள் ஒட்டச் செய்யுங்கள். அம்மா அன்று துணி காயப்போட மாட்டார், சன்னலையும் சாத்திக்கொள்வார்.

இப்படிக்கு,
எதிர் புளோக், ஏழாம் மாடியிலிருந்து