ஏர் கன்னைத் தடை செய்யச் சொல்லும் வாசகருக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், ஏர் கன் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) விற்பனையையே அடியோடு தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். மடையான், சிறகி மாதிரி நீர்ப்பறவைகளை அடித்து ரோட்டோரம் வைத்து விற்கிறார்கள் என்று அவருக்கு வந்த கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நடுவில் 'பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறவன் எல்லாம் ஓர் அப்பனா' என்று ஒரு வரி போட்டிருந்தார் பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம். அப்படி ஓர் அப்பாவுக்குப் பிறந்தவள் நான்.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. அப்பாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தது சீனப் போர் முடிந்த கையோடு. 1963-ல் கல்லூரிப் பையன்களுக்கு என்சிசியைக் கட்டாயமாக்கி, 1968-ல்தான் விருப்பப்பட்டவர்கள் சேர்ந்தால் போதும் என்று மாற்றினார்கள். அதனால் ஆற்றங்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளைகூட பாயின்ட் டூ டூ ரைஃபிளைப் பிடித்துத் தரையில் படுத்துச் சுட்டிருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் இன்றைக்கு எண்பதை ஒட்டி இருக்கிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், வெயிலில் மார்ச் பண்ணின கதையோடு இதுவும் வரும்.

அந்த ருசியில்தான் அப்பா திருச்சிக்குப் போய் ஒரு ஏர் பிஸ்டல் வாங்கி வந்தார். வாங்கியது என்னவோ அண்ணனுக்கு. அவனுக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஓடாது, அதனால் அது என்னிடம் வந்தது. "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குண்ணே இதெல்லாம்" என்று அத்தை சொன்னதும், அப்பா "வீட்டுல யாருக்குக் கை ஆடலையோ அவங்களுக்கு" என்றதும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பிஸ்டலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடை கேட்கிறவர்கள் பலர் அதைக் கையில் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள். வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அமுங்கும், குழலின் அடியில் ஒரு ரவையை வைத்து நிமிர்த்திப் பூட்ட வேண்டும், விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று ரவையைத் தள்ளும். அவ்வளவுதான். ரவை ஈயம், நாலரை மில்லிமீட்டர், இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். முக்கியமான விஷயம், அந்த ஸ்பிரிங்கை அமுக்கிக் குழலை மடக்க ஆறாவது படிக்கிற பிள்ளையின் கைக்குப் பலம் போதாது. அப்பா மடக்கிக் கொடுத்தால்தான் நான் சுட முடியும். அவர் டூட்டிக்குப் போயிருந்தால் அது பீரோவில் கிடக்கிற இரும்பு. பிள்ளைகளை நம்பிக் கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது, கூடவே நின்றார்.

கொல்லையில் வைக்கோல் போருக்கு முன்னால் ஆற்று மணல் மூட்டைகளை அடுக்கி, அதில் குறி அட்டையைக் குத்தி வைப்பார். சுவரிலோ தென்னை மரத்திலோ அட்டை மாட்ட விட மாட்டார், ஈயம் தெறித்துத் திரும்பி வரும். அட்டைக்குச் செலவே இல்லை, பழைய கல்யாணப் பத்திரிகைகள்! காம்பஸ் வைத்து வட்டம் போட்டு நடுவில் இங்க் பூசினால் குறி தயார். மூலையில் தடவின மஞ்சள் அப்படியே இருக்கும், யார் வீட்டுக் கல்யாணம் என்று பின்பக்கம் படித்துக்கொண்டே ஓட்டைகளை எண்ணுவோம். அட்டை தடிமனாக இருந்தால் ரவை சுத்தமாக வட்டமாக வெட்டிக்கொண்டு போகும், மெல்லிய பேப்பர் என்றால் கிழிந்துவிடும், எந்த வளையம் என்று சண்டை வரும்.

கற்றுக்கொடுத்த முறையும் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. முதலில் சுடவே விடவில்லை. செம்பு நிறையத் தண்ணீரை நீட்டின கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். "குறியைப் பாக்காத பாப்பா, துப்பாக்கி நுனியில இருக்கிற முள்ளைப் பாரு, குறி மங்கலாத் தெரிஞ்சாப் போதும்" என்பதை எத்தனை தடவை சொன்னாரோ. மனசு கேட்காது, கண் குறியைத்தான் தேடி ஓடும், ஓடினால் முள் விலகிவிடும், ரவை மணல் மூட்டையில் போய்ப் புதையும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, எப்போது சுடும் என்று நமக்கே தெரியாத மாதிரி மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். கை ஆட ஆரம்பித்தால் சுடாமல் இறக்கிவிட வேண்டும், இறக்கியதற்குத் திட்டே கிடையாது. ரவை இருக்கிறதோ இல்லையோ, குழல் ஆள் பக்கம் திரும்பினால் அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையலறைப் பக்கம் போகக் கூடாது, ஈயத்தைத் தொட்ட கை.

ஒரு தடவை காற்று கசிந்து ரவை பாதி தூரத்திலேயே விழ ஆரம்பித்தது. அப்பா கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாசர் காய்ந்து சுருங்கிவிட்டது. சைக்கிள் கடையில் பம்புக்குப் போடும் தோல் வாசர் ஒன்றை வாங்கி, பிளேடால் சுற்றிச் சீவி, எண்ணெயில் ஊறப் போட்டு மாட்டினார். எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டது, முதல் சூட்டில் டப்பென்று நிஜத் துப்பாக்கி மாதிரி வெடித்துப் புகை வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அப்புறம் சரியாகிவிட்டது.

பறவை விஷயத்துக்கு வருகிறேன். நடவு நேரத்தில் சேற்றில் உழவுக்குப் பின்னாலேயே கொக்கும் மடையானும் நடந்து வரும், எதிர்வீட்டுப் பையன்கள் அப்பாவிடம் அந்தப் பிஸ்டலைக் கேட்டு நச்சரிப்பார்கள். "அது நம்ம வயல்ல புழு பொறுக்குது, கூலி கேக்கல, அதப் போய் அடிப்பியா" என்று ஒரே பேச்சில் விரட்டிவிடுவார். சட்டமும் புதிதில்லை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியிருக்கின்றன. பறவையை அடிக்கிறவனைப் பிடிக்க இருக்கிற சட்டமே போதும், பிடிக்கத்தான் ஆள் வர வேண்டும். எங்கள் பக்கம் நான் பார்த்த வரைக்கும் விற்பனைக்கு வருவதில் பெரும்பாலும் வலையும் கண்ணியும் வைத்துப் பிடித்ததுதான். ஏர் கன்னைத் தடை செய்துவிட்டு வலையை என்ன செய்வீர்கள்?

ஏர் கன்னுக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி, நாலரை மில்லிமீட்டருக்கு மிஞ்சாத குழலும் ரவை வெளிவரும்போது 20 ஜூலுக்கு மிஞ்சாத ஆற்றலும் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம், அதைத் தாண்டினால் வேண்டும். இதை ஒழுங்காகச் சோதித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐப்பசியில் மாயவரம் துலா உற்சவத்துக்குப் போனால் அப்பா என்னைப் பலூன் சுடும் கடைக்குக் கூட்டிப்போவார். அந்தத் துப்பாக்கிகளில் முள் கோணலாகத்தான் இருக்கும், எல்லாருக்கும் தெரியும். அப்பா முதல் ரவையை வேண்டுமென்றே பலூன் இல்லாத பலகையில் சுடச் சொல்லுவார். எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு அதே அளவு எதிர்ப்பக்கம் குறி வைத்தால் மிச்ச ரவைக்கெல்லாம் பலூன் உடையும். கடைக்காரர் "சார், பாப்பாவ அடுத்த கடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கும்பிட்டார்.

இதெல்லாம் விளையாட்டாக முடிந்துபோனதில்தான் எனக்கு வருத்தம். எங்கள் காலத்தில் இது ஒலிம்பிக்கில் ஆடுகிற ஆட்டம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்றும் வாங்கினார். அந்தக் குறியில் பத்துப் புள்ளி வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர், நம் சட்டைப் பட்டன் அளவு. ஒற்றைக் கையை நீட்டி அதில் அடிக்க வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர், அவர் வளர்ந்ததும் பயிற்சி எடுத்ததும் குஜராத்தில். பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் டிராப், அதாவது பறக்கிற தட்டைச் சுடும் போட்டியில் சுட்டார். 2022-ல் திருச்சி ரைஃபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது அஜித் வந்திருக்கிறார் என்று கூடின கூட்டத்தில், அவர் என்ன சுடுகிறார் என்று பார்க்கப் போனவர்கள் எத்தனை பேரோ தெரியாது, ஆனால் நம் ஊர்ப் பையன்கள் வாயில் ஏர் பிஸ்டல் என்ற பேச்சு வந்ததே அப்புறம்தான்.

இதற்கு மைதானமே வேண்டாம். பத்து மீட்டரைவிடக் கொஞ்சம் நீளமான ஹால், பின்னால் ரவையை வாங்கிக்கொள்ள ஒரு தடுப்பு, கூட நிற்க ஒரு பெரியவர். அரசுப் பள்ளிகளில் என்சிசி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மழைக்காலத்தில் பூட்டிக் கிடக்கிற ஹால்களும் இருக்கின்றன. மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் இதை யோசிக்க வேண்டும், உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் ஒரு தடவை எழுதுங்கள்.

அந்த வாசகர் பறவை வேட்டைக்காரர்கள் மேல் வனத்துறையில் புகார் கொடுக்கப் போகிறார் என்றால் சொல்லட்டும், நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன். தடை கேட்கிற மனுவில் மட்டும் என் கையெழுத்து கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.