பெயர் சொல்லாமல் போகும் அண்ணனுக்கு நன்றி

கிராமத்துச் சுகாதார நிலையங்களிலிருந்து காசநோய்ச் சோதனைக்கான சளி மாதிரிகளை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிப் போகும் அண்ணா, உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

நீங்கள் கொண்டு வரும் டப்பாக்களில் எச்சில் இருப்பதில்லை. நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளி, 2 மில்லிக்குக் குறையாமல் இருக்கிறது. எச்சிலைச் சோதித்தால் காசநோய் இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடக்கூடும். வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, வெட்டவெளியில் நின்று இருமச் சொல்லிக் கொடுப்பதே நீங்கள்தானாம். பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில் எழுதுகிறீர்கள். மூடி மாறினால் நோயாளியே மாறிவிடுவாரே! ஐஸ் பேக் பெட்டியும் தவறுவதில்லை. வெக்கையில் மற்றக் கிருமிகள் பெருகினால் கல்ச்சர் (காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கெடும், நோயாளி இன்னொரு நாள் கூலியை இழந்து மறுபடி வர வேண்டும்.

மாதிரி சரியாக இருந்தால் கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்க்கும் சிபிநாட் கருவி சுமார் 2 மணி நேரத்தில் காசநோயையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கலாம். வீட்டிலுள்ள 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நோய் இல்லையென்று உறுதிசெய்து தடுப்பு மருந்தும் கொடுக்கலாம்.

அடுத்த முறை ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போங்கள் அண்ணா.